எங்கள் மெஷினில் ஏறாத பொருள்

போன மாதம் எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, ஐம்பத்தெட்டு வயது முடிந்து வெளியே வந்தேன். மாலை போட்டார்கள். பேசச் சொன்னார்கள். நாலு பேர் பார்க்க எழுந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு செக்கிங் பிரிவுப் பிள்ளைகள் தாங்கள் சேர்ந்து வாங்கிய பரிசைக் கொண்டுவந்தார்கள். சின்ன டப்பா. உள்ளே பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக ஒரு வில்லை.

"அண்ணா, டெய்லி சைக்கிள் சாவியத் தொலைச்சிட்டு தேடிகினே இருப்பீங்களே. இத சாவில மாட்டிக்கோங்க. எங்க கீதுன்னு போன்லயே காட்டிடும்" என்றாள் நித்யா. அந்தப் பிரிவிலேயே சின்னவள், வாய் ஓயாதவள்.

எல்லோரும் கை தட்டினார்கள். என் கை அந்த டப்பாவை மேஜை மேலேயே வைத்துவிட்டது. எடுக்க வரவில்லை. நித்யாவின் முகம் மாறியது.

"பிடிக்கலையாண்ணா? இதுல இன்னாண்ணா பயம்? சாவிதானே?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பேச வராது என்று அவளுக்கும் தெரியும். சங்கத்து ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அந்தப் பதிலை இதில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். சில இடங்களையும் மாற்றியிருக்கிறேன். எவை என்று சொல்ல மாட்டேன்.

நான் வேலை கற்றது பெரிய கதை இல்லை. முதலில் தோலுக்குப் பசை தடவினேன். அப்புறம் விளிம்பு மடிக்கக் கற்றேன். அப்புறம் மெஷினில் உட்காரவைத்தார்கள். கடைசியில் பை மூடும் மேஜைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டேன். கைப்பையை உள்பக்கம் வெளியே தெரியும்படிதான் தைப்போம். உள்துணியில், அதாவது லைனிங்கில், ஒரு கை நுழையும் அளவு தைக்காமல் விட்டிருப்போம். அந்த வழியாகப் பையைப் புரட்டி வெளியே இழுத்தால் அது பை. பிறகு அந்த இடத்தைத் தைத்து மூட வேண்டும். அதுதான் என் வேலை. மூடிய பிறகு லைனிங்குக்கும் தோலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பையை வாங்குகிறவருக்குத் தெரியாது.

அதனால்தான் எங்களுக்கு ஊசிக் கட்டுப்பாடு. எங்கள் பைகள் கப்பலேறிப் போகிறவை. உடைந்த ஊசி முனை ஒன்று உள்ளே தங்கி, யாரோ ஒரு அம்மாவின் விரலில் குத்தினால் மொத்த ஆர்டரும் திரும்பி வரும். எனவே ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் வருவார். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, வெள்ளைத் தாளில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகச் சேருகிறதா என்று பார்ப்பார். சேர்ந்தால்தான் புது ஊசி. சேராவிட்டால் அந்த வரிசையில் ஒருவரும் எழக்கூடாது.

எங்கள் சூப்பர்வைசர் டேவிட் சார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. நம் முகத்தைப் பார்த்துப் பேசவும் மாட்டார். மேஜையைப் பார்த்துத்தான் பேசுவார். ஒரு விரலை மேஜையில் ஊன்றிக்கொண்டு, "ஊசி எங்கயும் நடந்து போகாது. இங்கதான் இருக்கு. தேடு" என்பார். நாம் தேடி முடிக்கும் வரை அந்த விரல் மேஜையைவிட்டு எழாது. ஒரு தடவை முனை கிடைக்கவில்லை. குப்பையைக் கொட்டிக் காந்தம் வைத்துத் தேடினோம். டீ வந்து ஆறிப்போனது. கடைசியில் என் சட்டைக் கை மடிப்பில் இருந்தது. அவர், "கிடைச்சுதா? டீயச் சூடு பண்ணச் சொல்லு" என்று மேஜையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்த பைகள் ஊசி பார்க்கும் மெஷினில் ஏறும். பெல்ட் ஓடும், நடுவில் ஒரு வளைவு, அதற்குள் பை நுழைந்து வெளியே வர வேண்டும். உள்ளே இரும்புப் பொடி இருந்தாலும் பெல்ட் நின்று மெஷின் கத்தும். அந்த மெஷின்மேல் எங்களுக்கு ஒரு பக்தியே உண்டு. டேவிட் சார் கிறிஸ்தவர். ஆனாலும் ஆயுத பூஜைக்கு அதற்கு எலுமிச்சம்பழம் வைப்பது அவர்தான். சந்தனமும் குங்குமமும் வருடம் முழுக்க அதன் நெற்றியில் இருக்கும். நாங்கள் தோலில் புழங்குகிறவர்கள்தான். இருந்தாலும் தையல் கூடத்துக்குள் ஒருவர் காலிலும் செருப்பு இருக்காது. வாசலில் இரும்புத் தட்டு அடுக்கி வைத்திருக்கும். அதில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம்.

அமுதா எங்கள் மேஜைக்கு நூல் வெட்டும் வேலைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரே பெண் குழந்தை, ஒன்றாவது படித்தது. காலையில் அவள் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வந்து அழைத்துப்போவார். போன் சாமான் விற்கும் கடையில் அவருக்கு வேலை. வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. வாட்ச்மேன் முதல் எல்லோரையும் அண்ணே, அக்கா என்பார். தீபாவளிக்கு எங்கள் மேஜை முழுவதற்கும் ஸ்வீட் கொண்டுவந்தார். "குடுத்து வெச்சவடி நீ" என்று பெண்கள் அமுதாவிடம் சொல்வார்கள். நாள் முழுக்க நின்று நின்று அவளுக்குக் குதிகால் வலித்தது. கெட்டி அடிவைத்த மெத்தென்ற டாக்டர் செருப்பை அவர்தான் வாங்கிக்கொடுத்தார்.

ஒரு நாள் அவள் கத்தரியை இடது கையால் பிடித்து நூல் வெட்டினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை விழுந்தாள். அந்த முறை யாரும் கேட்கவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அந்த இரண்டு தடவையும் விழுவதற்கு முன்னால் அவள் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எங்கோ போயிருக்கிறாள். முதல் தடவை, அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கோவிலம்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், இனி திரும்பப் போவதில்லை என்று. அக்கா தண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடிப்பதற்குள் அவர் பழப் பையோடு வாசலில் நின்றாராம். சிரித்துக்கொண்டே. இரண்டாவது தடவை, அவரைப் பற்றி யாரிடமாவது கேட்கலாம் என்று தாம்பரத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனாள். மாடிப்படி இறங்கும்போது கீழே வண்டியில் அவர் உட்கார்ந்திருந்தார். "தலைவலியா அமுதா? லீவ் போட்டியே" என்று கேட்டாராம். அவளிடம் இருந்தது பட்டன் போன். அதையும் இரண்டாவது தடவை டிராயரில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

ஆகவே யாரோ சொல்கிறார்கள். அவள் அப்படித்தான் நினைத்தாள். கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். யார் என்பதுதான் கேள்வி.

நான் யாரிடமும் பேசாதவன். என் வீடு கீழ்க்கட்டளை, அவளும் அந்தப் பக்கம். அவள் லீவு கேட்ட இரண்டு நாளும் நான்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் என் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணா, இன்னா தராரு உங்களுக்கு?"

எனக்குப் புரியவில்லை. டிபன் பாக்ஸ் மூடியைப் பிடித்தபடி பார்த்தேன்.

"வாயத் தொறந்து பேசமாட்டாரு, ஊமக் கோட்டான் மாதிரி குந்திகினு இருப்பாருன்னு நெனச்சேன். எம்மாம் பெரிய ஆளு நீங்க. எனக்கு ஒரு பொண்ணு கீதுண்ணா. அத நெனச்சிப் பாத்தீங்களா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்ற ஒரு வார்த்தை. டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கை கழுவப் போனேன். அன்று முதல் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. நான் போனால் பேச்சு நின்றுவிடும். பிறகு அது என்னோடும் நிற்கவில்லை. வாட்ச்மேன்மேல் சந்தேகம், கேன்டீன் அம்மாமேல் சந்தேகம். ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

டேவிட் சார் காதுக்கு அது போனது. ஒரு மதியம் அவர் அமுதாவையும் என்னையும் மெஷின் மெக்கானிக் சேகரையும் நிறுத்தி, மேஜையில் விரலை ஊன்றினார்.

"ஆளை அப்புறம் தேடுவோம். மொதல்ல பொருளைத் தேடுவோம். நீ உள்ள எடுத்துகிட்டு வர்றது எல்லாத்தையும் இங்க வை."

அவள் கைப்பை, சாப்பாட்டுப் பை, குடை, அடையாள அட்டை எல்லாவற்றையும் வைத்தாள். கைப்பையை மெஷினில் ஏற்றினார்கள். கத்தியது. ஜிப்பையும் காந்தப் பொத்தானையும் நானே பிரித்து எடுத்தேன். லைனிங்கைக் கிழித்தேன். மறுபடி ஏற்றினார்கள். சத்தமில்லாமல் வெளியே வந்தது. குடைக் கம்பியைப் பிரித்தோம். சாப்பாட்டுப் பையின் பஞ்சைப் பிய்த்தோம். ஒன்றும் இல்லை.

"அப்போ ஆளுதான்" என்றான் சேகர். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

நான் பையைத் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கும்போது என் விரல் படாமல் வாங்கினாள்.

ஆடி மாதம் முடிந்த சமயம் அது. பெண்கள் கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே நூல் வெட்டினார்கள். அமுதா அந்த ஆடியில் அம்மனுக்கு மாலை போட்டு, பத்து நாள் மஞ்சள் புடவையோடு வெறுங்காலில் நடந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள், "வேண்டுதல்னால அந்தப் பத்து நாளாவது உன் ஆளு சும்மா இருந்தாரா?" என்று கேட்டாள்.

"சும்மாவா? அப்பதான் பேஜாரு பண்ணாரு. எங்க போன, எந்தக் கோயிலு, எந்தத் தெரு, யாரு கூட வந்தான்னு கேட்டுகினே இருந்தாரு. மத்த நாள்ல கேக்கவே மாட்டாரு. எல்லாம் தெரியுமே அவருக்கு."

என் கையில் ஊசி நின்றது. நான் எழுந்தேன். கூடத்தைவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்புத் தட்டின் முன்னால் நின்றேன். வேலை நேரத்தில் எழுந்து போகக்கூடாது. டேவிட் சார் பின்னால் வந்தார்.

"என்ன?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். மேல் தட்டில், ஒன்றோடொன்று ஒட்டி, அவள் டாக்டர் செருப்பு இருந்தது.

வெறுங்காலில் நடந்த அந்தப் பத்து நாள்தான் அவள் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் கூடத்துக்குள் வந்த பொருளை எல்லாம் பிரித்துப் பார்த்தோம். செருப்பு உள்ளே வந்ததே இல்லை. அதனால் அது கணக்கிலேயே வரவில்லை. நான் அந்தச் செருப்பை எடுத்து என் துண்டால் அடியைத் துடைத்தேன். உள்ளே கொண்டுபோனேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மெஷினுக்கு முன்னால் வந்ததும் எனக்குக் கை வரவில்லை. அதன் நெற்றியில் குங்குமம் இருந்தது.

டேவிட் சார் என் கையிலிருந்து வாங்கினார். இடது செருப்பைப் பெல்டில் வைத்தார். பெல்ட் ஓடியது. செருப்பு அந்தப் பக்கம் வந்து விழுந்தது. வலது செருப்பை வைத்தார். பெல்ட் நின்றது. மெஷின் கத்தியது.

அந்தச் செருப்பில் பக்கிள் கிடையாது, ஆணி கிடையாது. முழுக்க ரப்பரும் பஞ்சும்தான். அமுதா வாயைப் பொத்திக்கொண்டாள். குதிகால் பக்கம் அடியைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் வேறு பசை போட்டு ஒட்டிய கோடு தெரிந்தது. சேகர் டார்ச் அடித்தான். உள்ளே வெள்ளையாக வில்லை.

"இதா? இத்துனூண்டா?" என்றாள் ஒருத்தி.

"நாய்க்குக் கட்டுவாங்க, சூட்கேஸ்ல போடுவாங்க. கடைல சாதாரணமா விக்கிறாங்க" என்றான் சேகர். "தனியா ரொம்ப நேரம் இருந்தா பீப்புனு கத்தும். கத்துற பாகத்தப் புடுங்கிட்டு இருப்பான். வெவரமான ஆளு."

"இதுக்குள்ள சிம் இருக்கா?" டேவிட் சார் கேட்டார்.

"சிம்மும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். இதுவா பேசாது. பக்கத்துல யாரு போன் இருந்தாலும் இது அதைத் தொட்டுக்கும். அந்தப் போனு, இது இங்க இருக்குன்னு மேல சொல்லிடும். அங்கருந்து அவன் போனுக்குப் போயிடும்."

"யாரு போனு?"

சேகர் டார்ச்சை அணைத்தான்.

"யாரோடதுன்னாலும் சார். பஸ்ல பக்கத்துல நிக்கறவன் போனு. அக்கா வூட்டு எதிர்ல இருக்கறவங்க போனு. நம்ம போனுதான் சார்."

சுவரோரம் வரிசையாக எங்கள் போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொருவரும் தன் போனைப் பார்த்தார்கள். என் போன் என் மகள் வாங்கிக்கொடுத்தது. பேசவும் படம் பார்க்கவும் தவிர அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. அமுதா என்மேல் சந்தேகப்பட்டது தப்பு என்று இத்தனை நாளாக நெஞ்சுக்குள் நான் மன்றாடிக்கொண்டிருந்தேன். இப்போது அது தப்பா என்றே எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. என் சட்டைப் பையில் இருந்தது பேசியிருக்கிறது. அன்று எனக்கு ஏற்பட்ட பயம் அந்த ஆளைப் பார்த்து வந்த பயம் இல்லை. எனக்குத் தெரியாமலே நான் செய்துகொண்டிருக்கிற காரியம் இன்னும் எத்தனை என்ற பயம்.

"பிடுங்கித் தூக்கிப் போட்டுடலாம் சார்" என்றான் சேகர்.

டேவிட் சார் வேண்டாம் என்று தலையசைத்தார். "நகராம ஒரே எடத்துல கிடந்தாலும் அவனுக்குத் தெரியும், கெட்டுப்போனாலும் தெரியும். வேலை நேரத்துல மட்டுந்தான் இது நகராம இருந்தாலும் சந்தேகப்படமாட்டான்." பிறகு முதல் தடவையாக, மேஜையைப் பார்க்காமல் அமுதாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "இது இங்க இருக்கிற வரைக்கும் நீ இங்க இருக்கேன்னு நெனைப்பான். உனக்குக் கெடைக்கிறது அந்த நேரம்தான். நல்லா யோசிச்சிக்கோ."

அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அதே செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள், அதே செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்து போனாள். கல்லில் கால் வைப்பதுபோலத்தான் நடந்தாள். அவர் எங்களுக்குக் கை காட்டுவார். நாங்களும் காட்டினோம்.

அந்த நாளும் அவர்தான் கொண்டுவந்துவிட்டார். அவள் செருப்பைத் தட்டில் வைத்தாள். மத்தியானம் அவள் அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போய்க் குழந்தையை அழைத்துக்கொண்டாள். ஷூ, பை, தண்ணீர் பாட்டில், தலையில் போட்ட கிளிப் உட்பட எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பாவாடை சட்டையை மாற்றிவிட்டாள். சரக்கு ஏற்றும் பின் கேட் வழியாக அமுதா கிளம்பினாள். வெயில் தார்ச்சாலையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. என் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். மற்றப் பெண்களும் தங்களுடையதை நீட்டினார்கள்.

"யாரோடதும் வேணாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்கண்ணா. உங்கள அன்னிக்கி அப்பிடிப் பேசிட்டேன். உங்க மேல நம்பிக்கை இல்லாம சொல்லல. இனிமே யாரு குடுத்தாலும் எனக்கு எதுவும் வேணாம்" என்றாள்.

வெறுங்காலோடு போனாள். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று டேவிட் சார் முன்னமே சொல்லியிருந்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து ஒவ்வொருவராக வெளியே போனோம். அவர் வழக்கமான இடத்தில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளினேன்.

"அண்ணே. அமுதா இன்னும் வரலியா?"

நான் நின்றேன். அவர் போனை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உள்ளதான் இருக்கா. ஓவர்டைமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நீங்க ஒரு வார்த்த பேசமாட்டீங்களே. இந்தக் காலத்துல உங்கள மாதிரி இருக்கறது கஷ்டம்ண்ணே." அவர் வண்டியைத் தட்டினார். "இருங்களேன், அவ வந்ததும் பேசிகிட்டே போலாம். உங்க வூடு அந்த மாவு மில்லுக்கு எதிர் சந்துல ரெண்டாவதுதானே?"

நான் அவரிடம் என் வீட்டைச் சொன்னதில்லை. அமுதாவிடமும் சொன்னதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்கவில்லை. சைக்கிளில் ஏறி மிதித்தேன். கீழ்க்கட்டளை ஏரிக்கரை வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகாமல் என் மச்சான் வீட்டில் படுத்தேன். போனை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். சிரிப்பார்கள் என்று தெரியும்.

அதன் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். இருட்டும் வரை அவர் இருந்தாராம். பிறகு வாட்ச்மேனைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, செருப்புத் தட்டைப் பார்த்தாராம். வலது செருப்பை எடுத்துக் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இருந்தபடியே நேராக வைத்துவிட்டு, "சரிண்ணே" என்று சொல்லிப் போனாராம். காணவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னாலேயே அமுதா மகளிர் காவல் நிலையத்தில், நானாகத்தான் போகிறேன், அந்த வில்லை இருந்த இடம் இது என்று எழுதிக் கொடுத்திருந்தாள். சில வாரம் அவர் எங்கள் கேட்டுக்கு எதிரில் வந்து வண்டியில் உட்கார்ந்திருந்தார். யாரிடமும் சண்டை போடவில்லை. எல்லோருக்கும் கை காட்டினார். பிறகு வரவில்லை. வராததும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

டேவிட் சார் ஓய்வு பெற்றுப் போனார். புது ஆர்டர்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு, தபால்தலை அளவு மெல்லிய ஒரு துண்டு லைனிங்குக்குள் வைத்து மூட வேண்டும் என்று வந்தது. போலிப் பையைக் கண்டுபிடிக்க என்றார்கள். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் பை எங்கே தைத்தது என்று சொல்லுமாம். கடைசித் தையல் போடுகிறவன் நான்தான். ஒரு நாள் துணிந்து புது சூப்பர்வைசரிடம், "யார் தூக்கிட்டுப் போறாங்கன்னும் சொல்லுமா சார்?" என்று கேட்டேன்.

"சேச்சே, அதெல்லாம் இல்லண்ணா" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "இப்போதைக்கு இல்ல" என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர்.

நித்யா, உன் பரிசைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாவி தொலைந்தால் கிடைக்க வேண்டும் என்றுதான் நீ நினைத்தாய். அமுதாவின் வீட்டுக்காரரும் கடையில் அதே டப்பாவைத்தான் வாங்கியிருப்பார், அதே படம் போட்டிருக்கும். தொலையக்கூடாத பொருள் என்று ஒரு ஆள் இன்னொரு ஆளை நினைக்கிறபோது என்ன ஆகும் என்று அந்த டப்பாவில் எழுதியிருக்காது. உன் மகனுக்கு வாட்ச் வாங்கிக் கட்டியிருக்கிறாய், எங்கே இருக்கிறான் என்று பார்க்க. பார்த்துக்கொள். ஆனால் அவன் வளர்ந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்கிற நாள் வரும். அன்றைக்கு அதைக் கழற்றிக் கொடுத்துவிடு.

அமுதாவை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். அது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். ஒரு ரயில் நிலையம். எந்த நிலையம் என்று எழுத மாட்டேன், அவள் இப்போது அந்தப் பக்கமே இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த அளவாவது எழுதுகிறேன். மேம்பாலப் படிக்கட்டில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன், அவள் ஏறிக்கொண்டிருந்தாள். கூட அந்தப் பெண், தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. உடம்பு தேறியிருந்தாள். கையில் காய்கறிப் பை. ஒரு நொடியில் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அண்ணா என்று கூப்பிட உதடு பிரிந்தது. சிரிப்பும் வந்துவிட்டது.

அப்போது அவள் கண் கீழே இறங்கி என் சட்டைப் பையில் நின்றது. போன் பாதி வெளியே தெரிந்தது.

சிரிப்பு அப்படியே நின்றது. மகளைத் தன் மறுபக்கம் இழுத்துக்கொண்டாள். என்னைத் தெரியாத ஒருவரைப்போல, கூட்டத்தோடு கூட்டமாக என்னைத் தாண்டி மேலே போனாள்.

நான் கூப்பிடவில்லை. அவள் எந்தப் பக்கம் இறங்கினாள் என்று எனக்குத் தெரிந்துவிடக்கூடாது. ரயில் வந்து நின்று கிளம்பிப் போகும் வரை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிக்கட்டையே பார்த்தபடி நின்றேன்.